பழவேற்காட்டில் இருபத்து நான்கு நாள்

இயேசுவுக்கே புகழ்

பழவேற்காடு
2.12.2024

மரியாதைக்குரிய புவனேஸ்வரி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஷாரோன். வயது முப்பத்தொன்று. இங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பா கலியாணசுந்தரம்தான் எனக்கும் அப்பா.

இந்த ஒரு வரியை எழுத மூன்று தாள் கிழித்தேன். தயவு செய்து நீங்கள் இதைக் கிழித்துவிடாமல் முழுதும் படியுங்கள்.

அப்பா துண்டு, வேட்டி விற்க சைக்கிளில் இந்த ஊருக்கு வந்தவர். பிறகு கடைத்தெருவில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்தார். என் அம்மா அமலோற்பவம் கொரோனாவில் இறந்துவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் அப்பாவுக்கு ஒரு குடும்பம் இருப்பதை அம்மா போவதற்கு இரண்டு நாள் முன்புதான் என்னிடம் சொன்னார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய ரேஷன் கார்டு இருந்தது. அதில்தான் உங்கள் பெயரும் விலாசமும் கிடைத்தன. நீங்கள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறீர்களா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் வராது. பேச்சு குழறும். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மற்றதெல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், ஐந்து வருடம் முன்பே திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

இப்போது எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஜனவரியில் சென்னையில் ஆபரேஷன். மூன்று நான்கு வாரம் எதையும் தூக்கக் கூடாதாம். அத்தனை நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. நீங்கள் வர முடியுமா?

கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பது தெரியும். கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

இப்படிக்கு,
ஷாரோன்


சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
12.12.2024

ஷாரோன் என்பவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நல்ல வேளையாக என் கையில் கிடைத்தது. என் தம்பி மணிவண்ணன் கையில் கிடைத்திருந்தால் உங்கள் ஊருக்கு வந்து சத்தம் போட்டிருப்பான்.

அந்த ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனது அவர்தான் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அது தொலைந்து போனதாக நினைத்து, புதுக் கார்டு வாங்க என் அம்மா கிருஷ்ணம்மாள் எட்டு மாதம் நடையாய் நடந்தாள். அந்த எட்டு மாதமும் அரிசிக்கு நாங்கள் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது. அவர் போனபோது எனக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவர் எழுந்து போன தறியில் மறுவாரமே அம்மா உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான். இன்றைக்கும் அதே வீடு, அதே தறிதான். நானும் என் கணவர் குப்புசாமியும் நெய்கிறோம். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் அவள் அவர் பெயரைச் சொல்லவில்லை.

ஒன்பது வருடம் என் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அம்மாவை. என் இடுப்பில் வலி இல்லாத இடம் இல்லை. இனி யாரையும் தூக்க எனக்கு உடம்பில் தெம்பு கிடையாது. மனசில் சுத்தமாகக் கிடையாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. உங்களுக்கு உடம்பு நன்றாக வேண்டும். ஆனால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

புவனேஸ்வரி


இயேசுவுக்கே புகழ்

பழவேற்காடு
20.12.2024

மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. பதில் போட்டதே பெரிது. ரேஷன் கார்டு விஷயம் படித்து எனக்கு அழுகை வந்தது. அப்பாவிடம் கேட்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் மறுபடி கேட்பதற்காக எழுதவில்லை. பொன்னேரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்தேன். நடக்க முடிந்தவர்களைத்தான் சேர்ப்பார்களாம். ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "ஏம்மா, ரத்தம் ஆறுதான் இருக்குது, இன்னும் எங்க தள்றது?" என்று திட்டினார். ஜனவரி 18 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஹாஜிரா அக்கா பகலில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பாவம், அவருக்கு அறுபது வயது. பனை ஓலையில் பெட்டி முடைந்து பிழைக்கிறவர். அவரால் அப்பாவைத் தூக்க முடியாது. எப்படியோ பார்க்கிறோம்.

நீங்கள் மாமியாரை ஒன்பது வருடம் பார்த்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்றரை வருடத்திலேயே போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஒன்பது வருடம் எப்படி முடிந்தது என்று யாரிடமாவது கேட்கத் தோன்றுகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கிறிஸ்துமஸ் வருகிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன்.

ஷாரோன்


சிவமயம்

காஞ்சிபுரம்
6.1.2025

ஷாரோனுக்கு,

ஒன்பது வருடம் எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியவில்லை. அதை இதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை.

16ஆம் தேதி வருகிறேன். அவருக்காக வரவில்லை. அவரிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். நான் மரக்கறி சாப்பிடுகிறவள், மீன் சமைக்கத் தெரியாது. பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு மேல் இருக்க முடியாது, ஒரு கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது. தம்பியிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் மட்டும் சொன்னேன். "போறதுன்னா போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம். பார்த்துக்கொள்ளலாம்.

புவனேஸ்வரி


சிவமயம்

பழவேற்காடு
20.1.2025

ஷாரோனுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஹாஜிரா அக்கா சொன்னதும்தான் நிம்மதி. அவர் கடைகளுக்கு ஓலைப் பெட்டி போடச் செவ்வாயும் வெள்ளியும் சென்னைக்குப் போகிறாராமே, அவர் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால், ஒரே அறை, எல்லாம் கட்டிலில் இருப்பவர் காதில் விழுகிறது.

அன்றைக்கு நான் வந்து இறங்கி, நீ கிளம்பிப் போக ஒரு மணி நேரம்தான் இருந்தது. சரியாகப் பேசக்கூட முடியவில்லை. காஞ்சிபுரத்தில் ஏறி, பூந்தமல்லி, கோயம்பேடு, செங்குன்றம் என்று மாறி மாறி வந்ததில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. பொன்னேரி தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் தெலுங்கு பேசினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் நண்டுக் கூடை. ஒவ்வொரு வளைவிலும் என் பக்கம் சாய்ந்தது. திடீரென்று மரங்களெல்லாம் முடிந்து வெறும் தண்ணீர். ஏரி என்றால் எங்கள் ஊர் ஏரி மாதிரி கரையும் மதகுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

உள்ளே வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "புவனாவா? அம்மா மாதிரியே ஆயிட்ட" என்றார். அடுத்த பேச்சு என்ன தெரியுமா? "கொஞ்சம் காபி போடு." முப்பத்தைந்து வருடம் கழித்துப் பார்க்கிற மகளிடம்! நானும் போட்டேன். சர்க்கரை குறைவு என்றார்.

முதல் இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் வேலை மட்டும் செய்தேன். மூன்றாம் நாள் நான் வைத்த கூட்டைத் தள்ளிவிட்டார். "இறா இல்லியா?" என்கிறார். சைவ வீட்டில் பிறந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போன மனுஷன். சுவரில் உங்கள் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏகாம்பரநாதர் படமும் இருக்கிறதே, உன் அம்மா மாட்டியது என்று ஹாஜிரா அக்கா சொன்னார். இரண்டுக்கும் நீ தினமும் பூ வைப்பாயாமே. நானும் வைக்கிறேன்.

அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் ஹாஜிரா அக்கா என்னை வெளியே அழைத்துப் போகிறார். பள்ளிவாசலில் நிழல் பார்த்து மணி சொல்லும் கல்லைக் காட்டினார். தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் என்றார். வீட்டில் பழைய புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார், எழுத்து அரபு, படித்தால் தமிழ். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். நேற்று டச்சுக்காரர் கல்லறைக்குப் போனோம். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கிவிட்டேன். உள்ளே பெரிய பெரிய கருங்கல் பலகை. அதில் செதுக்கியிருக்கும் பூவும் கொடியும் எங்கள் புடவை முந்தானையில் போடலாம் போல அவ்வளவு நேர்த்தி. "ஹாலந்துல இருந்து ஆளுங்க வருவாங்கமா. எங்க தாத்தாவுக்குத் தாத்தா இங்க இருக்காருன்னு தேடுவாங்க" என்றார் அக்கா. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தவனைத் தேடிக்கொண்டு வர எத்தனை பேர் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன்.

நீ நன்றாகச் சாப்பிடு. எழுந்து நடக்க அவசரப்படாதே.

புவனேஸ்வரி


இயேசுவுக்கே புகழ்

சென்னை
24.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

தையல் இன்னும் பிரிக்கவில்லை. இருமினால் உயிர் போகிறது. வார்டில் சத்தம் அதிகம், ஆனாலும் படுத்தே இருக்கிறேன். யாரும் "ஷாரோன்" என்று கூப்பிடவில்லை. அதுவே போதும் போல இருக்கிறது.

அப்பா இறால் கேட்டால் ஹாஜிரா அக்காவிடம் சொல்லுங்கள், செய்து கொடுப்பார். நீங்கள் தொட வேண்டாம். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கோபத்தில் இடது கையால் எதையாவது எறிவார். அதற்கு அடுத்த நிமிஷம் அழுவார். கண்டுகொள்ளாதீர்கள்.

நீங்கள் அவரிடம் எதுவும் கேட்டீர்களா அக்கா? நான் பலமுறை கேட்க நினைத்தும் கேட்கவில்லை. என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்துவிடும்.

ஷாரோன்


சிவமயம்

பழவேற்காடு
30.1.2025

அன்புள்ள ஷாரோன்,

அக்கா என்றே எழுது.

நேற்று விடியற்காலையில் எதிர்க்கரையில் ராக்கெட் விட்டார்கள். ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. அவர் குழந்தை மாதிரி "வெளிய, வெளிய" என்றார். ஹாஜிரா அக்காவும் நானும் நாற்காலியோடு தூக்கிப் போவதற்குள் வானத்தில் புகை மட்டும்தான் இருந்தது. அதற்கே அவருக்குச் சந்தோஷம். அப்புறம் ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பத்து மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். தண்ணீர் வற்றின இடத்தில் நூற்றுக்கணக்கில் பூநாரை. நான் இதுவரை படத்தில்கூட இப்படிப் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் டீ குடிக்கப் போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அப்போது கேட்டேன். "ஏன்பா போன?"

அவர் வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு திக்கித் திக்கிச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அலுப்புமா. தறிக்குழிக்குள்ள காலை உட்டுக்கினு உக்காந்தா, செத்தாதான் எழுந்திரிக்கணும்னு தோணிச்சி. ஒரு நாள் எழுந்துட்டேன். ரெண்டு நாள்ல வந்துடலாம்னுதான் போனேன். ஒரு வாரம் ஆயிடிச்சி. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?"

அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. யாரோ வசிய மருந்து வைத்துவிட்டார்கள் என்று அப்போது சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உன் அம்மாவைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் கிளம்பி இரண்டு வருடம் கழித்துத்தான் உன் அம்மாவைப் பார்த்தாராம். அதுவரை எங்கெங்கோ அலைந்திருக்கிறார். வெறும் அலுப்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது. "எங்களுக்கு அலுப்பு இல்லியா? அம்மாவுக்கு இல்லியா?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர், "அம்மா இன்னா சொன்னா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அதற்கு அழுதார். நான் சமாதானம் செய்யவில்லை. ஆனால் ஷாரோன், அந்தக் குழிக்குள் காலை விட்டு முப்பத்தைந்து வருடமாக உட்கார்ந்திருப்பவள் நான். அவர் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எத்தனையோ நாள் நானும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மனசுக்குள் போயிருக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஊருக்கு இட்டுக்கினு போயேன்" என்றார். "முடியாதுப்பா" என்றேன். மறுபடி கேட்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் இறால் வாங்கி உரித்தேன். ஹாஜிரா அக்கா சொல்லச் சொல்ல குழம்பு வைத்தேன். நான் சாப்பிடவில்லை. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்தேன். "உப்பு கம்மி" என்றார்.

உன் அக்கா,
புவனா


இயேசுவுக்கே புகழ்

பழவேற்காடு
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததை ஹாஜிரா அக்கா போன் செய்து கேட்டுச் சொன்னார். நான் போன் செய்யவில்லை. காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

9ஆம் தேதி காலையில் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசலில் நீங்கள் பையோடு நின்றிருந்தீர்கள். உள்ளே அப்பா முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரை அவ்வளவு சுத்தமாக நான்கூட வைத்துக்கொண்டதில்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா அக்கா? கோபம். இன்னும் இங்கேயேதான் இருக்கிறாரா என்ற கோபம். உங்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளுக்குள் அப்படி நினைத்தேன்.

நான் உங்களைக் கூப்பிட்டது ஆபரேஷனுக்காக மட்டும் இல்லை. நீங்கள் வந்து பார்த்தால் மனது இரங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று ஓர் ஆசை இருந்தது. ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போது அவர் கேட்டதும் நீங்கள் முடியாது என்று சொன்னதும் படித்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என்னை ஆஸ்பத்திரியில் 3ஆம் தேதியே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வரவில்லை. வில்லிவாக்கத்தில் என் சிநேகிதி இளவரசி வீட்டில் ஆறு நாள் இருந்தேன். உடம்பு முடியாமல் இல்லை. தூங்கினேன் அக்கா. காலையில் எழுந்து கஞ்சி குடித்துவிட்டு மறுபடி தூங்கினேன். அந்த ஆறு நாளும் நீங்கள் இடுப்பு வலியோடு அவரைத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தூங்கினேன்.

நீங்கள் என்னைத் தங்கை என்று நினைக்க ஆரம்பித்த நேரத்தில் நான் செய்தது இது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆறுதலாகத்தான் பேசினார். ஆனால் பொய் சொன்னது உங்களிடம்தானே.

நீங்கள் பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஷாரோன்


சிவமயம்

காஞ்சிபுரம்
14.3.2025

அன்புள்ள தங்கச்சி ஷாரோனுக்கு,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. வீட்டில் பேசி முடிக்க நாளாகிவிட்டது.

நீ ஆறு நாள் தூங்கியது எனக்குத் தெரியும். 7ஆம் தேதி வெள்ளிக்கிழமை உனக்கு ஒரு கடிதம் எழுதி ஹாஜிரா அக்காவிடம் கொடுத்தேன். சாயங்காலம் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "கட்டில் காலியா இருக்குதுமா. திங்கக்கிழமையே போயிட்டாங்கன்னு நர்ஸ் சொல்றாங்க" என்றார். எனக்கு முதலில் பயம். பிறகுதான் புரிந்தது. ஹாஜிரா அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கியாவது தூங்கட்டும், உடுங்கக்கா" என்றேன். அவரும் சரி என்று போய்விட்டார். என் மாமியார் படுக்கையில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு வில்லிவாக்கம் கிடைத்திருந்தால் நானும் போயிருப்பேன். ஆறு நாளில் திரும்பியிருப்பேனா என்று சொல்ல முடியாது. நீ திரும்பி வந்தாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அவர் இங்கே இருக்கட்டும். ஆனி முடிந்ததும் நீ வந்து கூட்டிப் போக வேண்டும். அடுத்த வருடமும் அப்படியே. அவர் கேட்டபோது முடியாது என்றேன். அவர் கேட்டதற்கு இன்னும் என் பதில் அதேதான். நீ கேட்காததற்காகத்தான் இது.

என் கணவரிடம் சொன்னபோது இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் எங்கோ போய், உட்கார்ந்தபடியே வெளிக்குப் போகிற நாற்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து தறிக்கூடத்தில் வைத்தார். "அந்தாளுகிட்ட நான் பேசமாட்டேன். தூக்கணும்னா கூப்புடு" என்றார். தம்பி மணிவண்ணனிடம் சொன்னேன். அவன் வாசலிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். பத்து நாளாக வரவில்லை. அவன் வராமலே போகலாம். அவனுக்கு அப்போது ஏழு வயது, தினமும் தெருமுனையில் போய் நின்றவன். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டில் போட, அம்மா படம் மாட்டியிருக்கிற அறையில்தான் இடம் இருக்கிறது. படத்தைக் கழற்ற மாட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இவரும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கட்டும். பக்கத்து அறையில் நாங்கள் நெய்கிற சத்தம் நாள் முழுதும் கேட்கும். அதற்கும் சேர்த்துத்தான் சம்மதமா என்று அவரிடம் கேட்டுவிடு. இங்கே இறால் கிடையாது என்பதையும் சொல்லிவிடு.

ஏப்ரல் 14 சித்திரை பிறக்கிறது. மறுநாள் ஒரு வண்டி பேசிக்கொண்டு கிளம்புங்கள். பஸ் வேண்டாம், உன் தையலுக்கு ஆகாது. ஹாஜிரா அக்கா வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா.

நீ உடனே திரும்பிப் போக வேண்டாம். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அங்கே தறிச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. பாய் போட்டு வைக்கிறேன். வந்ததும் தூங்கு. எழுந்த பிறகு பேசலாம்.

உன் அக்கா,
புவனா